சொல்லாமல் சொல்லும் ரகசியம்!

"பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே" என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். ஆனால் ஒவ்வொரு தடவை கணக்கைத் திறக்கும்போதும் நாமே அதை முழுசாகச் சொல்லிவிடுகிறோமே சகோதரிகளே! யாரிடம் என்கிறீர்களா? அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரிடம்தான்.

பெரும்பாலான இடங்களில் நாம் தட்டும் பாஸ்வேர்டு அங்கே போய்ச் சேருகிறது. வழியில் பூட்டுப் போட்டுத்தான் போகும். அங்கே போனதும் பூட்டு திறந்துவிடும். பிறகு அதை அரைத்து மாவாக்கி வைப்பார்கள். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? ஆனால் அரைப்பதற்கு முன்னால் அரிசி அவர்கள் கையில்தானே இருக்கிறது! 2018-ல் ட்விட்டர் நிறுவனத்தில், அரைக்கும் முன்பே பாஸ்வேர்டுகள் உள்பதிவேடு ஒன்றில் ஏறிவிட்டன. சுமார் 33 கோடிப் பேரிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

சொல்லாமலே நிரூபிக்க முடியாதா? முடியும் என்று 1985-ல் ஷாஃபி கோல்ட்வாசர் என்ற பெண்மணி, சில்வியோ மிகாலி, சார்லஸ் ராக்காஃப் ஆகிய இருவருடன் சேர்ந்து கணக்குப் போட்டே காட்டினார்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கறுப்பு நூல்கண்டு ஒன்று, கருநீலம் ஒன்று. உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்! (எல்லா வீட்டிலும் இதே கதைதானே?) அவர் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கை மாற்றியோ மாற்றாமலோ நீட்டட்டும். "மாற்றினீர்கள்", "மாற்றவில்லை" என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் ஒரு தடவை பலிக்கலாம். 10 தடவையும் பலிக்க 1024-ல் ஒரு வாய்ப்புதான். 20 தடவை என்றால் பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. உங்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் எது கறுப்பு என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது!

1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த தாமஸ் வூ, இந்த யோசனையைப் பாஸ்வேர்டுக்குப் பொருத்தி 'எஸ்.ஆர்.பி.' என்ற முறையைக் கொடுத்தார். கணக்குத் தொடங்கும்போது நம் போனே பாஸ்வேர்டிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தயாரித்து அனுப்பிவிடும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் புதிதாக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். விடை பொருந்தினால் கதவு திறக்கும். பாஸ்வேர்டு போனைவிட்டு வெளியே போவதே இல்லை. வழியில் ஒட்டுக்கேட்டவனுக்கு அந்த எண்கள் மறுநாள் உதவாது. புரோட்டான் மெயில், ஒன்பாஸ்வேர்டு போன்றவை இதைக் கையாளுகின்றன.

அதற்காகப் பிள்ளை பெயரையும் பிறந்த வருஷத்தையும் பாஸ்வேர்டாக வைத்துவிடாதீர்கள். சரிபார்ப்பு எண்களைத் திருடியவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பான். சுலபமானது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். பேங்க் மாதிரியே ஜோடித்த போலிப் பக்கத்துக்கும் இதில் மருந்தில்லை. அங்கே தட்டும் எழுத்து நேரே திருடன் கைக்குத்தான் போகும். மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடாமல், பேங்க் விலாசத்தை நாமே தட்டித் திறப்பதுதான் நல்லது.