தங்கச்சிமடத்தில் ஒருமுறை இறங்குங்கள்

இராமேசுவரம் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவர் பாம்பன் பாலம் வந்ததும் சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கிறார். கடலின் அழகைக் கண்டு வியக்கிறார். பாலம் முடிந்ததும் மூட்டை முடிச்சுகளைச் சரிசெய்யத் தொடங்கிவிடுகிறார். சிறிது நேரத்தில் நடத்துநர், "தங்கச்சிமடம்!" என்று குரல் கொடுப்பது அவர் செவியில் விழுவதில்லை. அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவன்தான்.

ஒருநாள் நான் சென்ற பேருந்து அந்நிறுத்தத்தில் பழுதுபட்டு நின்றுவிட்டது. மீன்கூடையுடன் நிழலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் தந்தார். "எல்லாரும் இராமேசுவரம் போறவுகதான் சாமி. எங்க ஊருல யாரு இறங்குறா?" என்றார்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில், வழிப்போக்கரை வரவேற்றதாலேயே பெயர்பெற்ற ஊர் அது. கால்நடையாக இராமேசுவரம் சென்ற யாத்திரிகர் தங்கி இளைப்பாற, உடன்பிறந்த பெண்கள் இருவரின் பெயரால் இரு மடங்கள் எழுந்தன என்பது வழிவழியாக வரும் கதை. மூத்தவளின் மடம் இருந்த இடம் அக்காள்மடம், இளையவளுடையது தங்கச்சிமடம். பாம்பனிலிருந்து கிழக்கே வரும்போது அக்காளைக் கண்ட பின்னரே தங்கையைக் காணலாம்!

1914ஆம் ஆண்டு பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. 1988 அக்டோபர் 2ஆம் நாள் சாலைப் பாலமும் திறக்கப்பட்ட பின்னரே நிலப்பகுதியின் பேருந்துகள் நேரே தீவுக்குள் வரலாயின. வசதி பெருகியது; வழியில் தங்கும் வழக்கமோ மறைந்தது.

அன்பர்களே, அங்கே இறங்குவோருக்குக் காண்பதற்கு என்ன உண்டு?

முதலாவது, வேர்க்காடு புனித சந்தியாகப்பர் ஆலயம். திருத்தூதர் யாகப்பரே போர்த்துக்கீசியர் வழக்கை ஒட்டி நம்மவர் நாவில் சந்தியாகப்பர் ஆனார். ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நிகழும் அவரது திருவிழாவில் இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரோடு தோளோடு தோள் நின்று பங்குகொள்கின்றனர்.

இரண்டாவது, வடகரையில் உள்ள வில்லூண்டித் தீர்த்தம். சீதையின் தாகம் தணிக்க இராமபிரான் வில்லை ஊன்றிய இடம் என்பது புராண மரபு. கடலுக்குள் அமைந்த கிணற்றுக்குச் சிறு பாலத்தின் வழியே நடந்து செல்லலாம். சுற்றிலும் உப்பு நீர், உள்ளே நன்னீர்! மணற்பாங்கான தீவில் பெய்யும் மழை நிலத்தடியில் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது; அதுவே கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது என்பது இதற்கான அறிவியல் விளக்கம்.

அம்மணலும் நன்னீரும் வேறொரு செல்வத்தையும் தந்துள்ளன. மதுரை மல்லியைப் புகழாதவர் யார்? ஆனால் அம்மல்லிகைத் தோட்டங்களுக்கான நாற்றுகள் தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்துச் செல்கின்றன என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. மணம் மதுரைக்கு, தாய்மடி இத்தீவு!

இன்னும் கிழக்கே சென்றால் பேய்க்கரும்பு. 2015 ஜூலை 30ஆம் நாள் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் நினைவகம் திறக்கப்பட்டது. நாட்டின் முதற்குடிமகனாய் உயர்ந்தவர் தாம் பிறந்த தீவின் மண்ணிலேயே துயில்கிறார்.

இவையனைத்தும் கண்ணுக்குத் தெரிபவை. இவ்வூரின் இதயமோ கடலைப் பார்த்தபடி துடித்துக்கொண்டிருக்கிறது. 2014 அக்டோபர் 30ஆம் நாள், இவ்வூர் மீனவர் ஐவருக்குப் போதைப்பொருள் வழக்கொன்றில் கொழும்பு நீதிமன்றம் தூக்குத்தண்டனை விதித்தது. ஊரே கொதித்தெழுந்தது, ஊரே கண்ணீர் வடித்தது. அடுத்த மாதமே இலங்கைக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்க, ஐவரும் உயிருடன் வீடு திரும்பினர். ஆனால் இக்கரையோர மீனவர் எல்லை தாண்டியதாகக் கைதாகும் செய்தி இன்றும் ஓயவில்லை. மூன்று வாரங்கள் மரண நிழலில் கழித்த அக்குடும்பங்கள் வாழும் ஊரைத்தான் நாம் மூட்டையைச் சரிசெய்துகொண்டே கடந்து போகிறோம்.

அன்று பேருந்து பழுது நீங்கிப் புறப்பட்டபோது அம்மூதாட்டியிடம் விடைபெற்றேன். "மறுபடி வாங்க சாமி" என்றார். மடம் இன்று இல்லை. மடத்தைக் கட்டிய உள்ளம் இருக்கிறது.

அடுத்த முறை அப்பக்கம் செல்லும் அன்பர்களே, நடத்துநர் குரல் கொடுக்கும்போது எழுந்து இறங்குங்கள். அரைநாள் போதும். புனிதத் தலத்தை அடைவது மட்டுமன்று, வழியில் வாழும் மனிதரைச் சந்திப்பதும் யாத்திரையே.