வீட்டுச் சாவி கையில இருக்கு... மோட்டார் ரிப்பேர்னா யார் பொறுப்பு? திருப்பூர் அடுக்குமாடிகளின் பராமரிப்புக் கணக்கு

திருப்பூரில் வீரபாண்டி, திருக்குமரன் நகர் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் 2,528 அடுக்குமாடி வீடுகள் 2021 பிப்ரவரி 25 அன்று ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்டன. கோவையில் நடந்த அரசு விழாவில் பிரதமர் மோடி அவற்றைத் திறந்து வைத்தார். வாடகை வீட்டிலும் குடிசையிலும் காலம் தள்ளிய பல குடும்பங்களுக்கு அது சொந்தக் கூரை.

ஆனா, சாவி வாங்கின கொஞ்ச நாள்லயே ஒரு கேள்வி வரும். வீடு நம்மளோடது, சரி. படிக்கட்டு லைட் எரியலைன்னா யார் மாத்துவாங்க? மோட்டார் காயில் போனா யார் காசு கொடுப்பாங்க? மொட்டை மாடித் தொட்டியை யார் கழுவுவாங்க? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத குடியிருப்பு, எவ்வளவு புதுசா இருந்தாலும் சில வருஷத்துல பழசாயிடும். விரிவாகப் பார்க்கலாம்.

என்னென்ன வீடுகள் இவை?

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் கட்டப்பட்டவை. வீரபாண்டியில் 1,280 வீடுகள், திருக்குமரன் நகரில் 1,248 வீடுகள். அதே விழாவில் மதுரை ராஜாக்கூரில் 1,088, திருச்சி இருங்களூரில் 528 வீடுகளும் திறக்கப்பட்டன. மொத்தம் 4,144 வீடுகள், செலவு 332 கோடி ரூபாய். ஒவ்வொரு வீடும் சுமார் 400 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை.

இவற்றைக் கட்டியது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பெயர் புதுசா தெரியுதா? 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம்தான் அது. 2021-ல் பெயர் மாற்றப்பட்டது.

வீடு என்னுது... படிக்கட்டு யாருது?

அடுக்குமாடியில் ஒவ்வொருவருக்கும் ரெண்டு விதமான சொத்து இருக்கு. கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. கதவுக்கு வெளியே இருக்கும் படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், குழாய், மொட்டை மாடி, செப்டிக் டேங்க் எல்லாம் எல்லாருக்கும் பொது.

"நான் கீழ் வீட்டுல இருக்கேன். மொட்டை மாடிக்கே போறதில்ல. அது ஒழுகுனா நான் ஏனுங்க காசு தரணும்?" என்ற கேள்வி எல்லா அடுக்குமாடியிலும் வரும். மாடியில் இறங்கும் தண்ணீர் மேல் வீட்டோடு நிற்காது. சுவர் வழியே இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி துருப்பிடித்தால் உப்பும், சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழும். பாதிக்கப்படுவது மொத்தக் கட்டடமும்தான். மேல் வீட்டுக்காரரும் அதே மாதிரி, கீழே இருக்கிற செப்டிக் டேங்குக்குப் பங்கு கொடுத்தாகணும்.

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் என்ன சொல்லுது?

வாரியக் குடியிருப்புகளுக்காகத் தமிழக அரசு 2021-ல் கொண்டு வந்த திட்டம் இது. இதன் அடிப்படை ரொம்ப எளிமையானது.

• குடியிருப்போர் சேர்ந்து நலச்சங்கம் அமைக்கணும். அதைப் பதிவு செய்யணும்.
• பராமரிப்புத் தொகையைச் சங்கமே வசூலிக்கும்.
• வசூலாகும் தொகைக்கு இணையான தொகையை அரசு தன் பங்காகத் தரும்.
• அந்தப் பணத்தில் சுத்தம், குடிநீர், மோட்டார், விளக்கு, சிறு பழுது போன்ற வேலைகளைச் சங்கம் பார்க்கும்.

இதுல கவனிக்க வேண்டியது மூணாவது விஷயம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். (கீழே உள்ளது புரிவதற்கான உதாரணம் மட்டுமே, வாரியம் நிர்ணயித்த கட்டணம் அல்ல.)

ஒரு பிளாக்கில் 16 வீடு. வீட்டுக்கு மாதம் 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கொடுத்தால் வசூல் 3,840 ரூபாய். இணைத் தொகையும் சேர்ந்தால் 7,680 ரூபாய். ஆறு வீடு கொடுக்கலைன்னா? வசூல் 2,400 ஆகக் குறையும், இணைத் தொகையும் அதே அளவுக்குக் குறையும். கையில் இருப்பது 4,800 மட்டுமே. அதாவது ஒரு வீடு 240 ரூபாய் கொடுக்காமல் விட்டால், பிளாக்குக்கு 480 ரூபாய் நஷ்டம்.

வாரச் சம்பளக்காரருக்கு மாதச் சந்தா சரிப்படுமா?

திருப்பூருக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கு. பனியன் கம்பெனிகளில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று எந்த வேலையானாலும் பெரும்பாலும் சனிக்கிழமைச் சம்பளம்தான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஆர்டர் இருக்கும் வாரம் ஒரு தொகை, ஆர்டர் இல்லாத வாரம் வேறு தொகை. அந்தப் பணத்தில்தான் மளிகை, பிள்ளைகளின் படிப்பு, சீட்டு, கடன் எல்லாம். மாசம் பிறந்ததும் மொத்தமா 240 ரூபாய் கேட்டா, "அடுத்த வாரம் தர்றேன்" என்ற பதில் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அதே 240 ரூபாயை வாரம் 60 ரூபாயாகச் சனிக்கிழமை இரவோ, ஞாயிறு காலையோ கேட்டால் கொடுப்பது சுலபம். ஆர்டர் குறைந்த வாரத்தில் விட்டதை அடுத்த வாரம் சேர்த்துக் கட்டச் சொல்லலாம். ஊரில் சீட்டுக் கட்டவும், மகளிர் சுய உதவிக் குழுவில் சேமிக்கவும் பழகிய பெண்களுக்கு இது புது விஷயமே இல்லை. ஒரு பிளாக்குக்கு ஒருவர், ஒரு நோட்டு, கொடுத்தவருக்கு உடனே ரசீது. இவ்வளவு போதும்.

கூட்டம் போடுவதும் அப்படித்தான். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனவர், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "யாரும் வரலை" என்று குறை சொல்ல முடியாது. இங்கே கூட்டத்துக்கு ஏற்ற நாள் ஞாயிறு.

சண்டை எதுக்கு வருது?

பணத்தைவிட, கணக்கு தெரியாததால்தான் அதிகம் வரும். "போன மாசம் வாங்குன காசு எங்க போச்சு?" என்று ஒருவர் கேட்டு, பதில் கிடைக்கவில்லை என்றால் அடுத்த மாதம் பத்துப் பேர் நிறுத்திவிடுவார்கள். வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் மட்டும் போதாது. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களும் சந்தா கட்டுகிறார்கள்.

மற்ற சண்டைகள் அன்றாட விஷயங்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்கு எதிர்வீட்டு டிவி சத்தம் தொல்லை. மேல் வீட்டில் கொட்டும் தண்ணீர் கீழ் வீட்டுத் துணியில் விழும். வேறு வேறு மாவட்டங்களில் இருந்து வந்து ஒரே படிக்கட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒருவர் பழக்கம் இன்னொருவருக்குத் தெரியாது. தண்ணீர் விடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், குப்பை போடும் இடம் என நாலு விதியை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து எழுதி வைத்தால், பேச்சு முற்றாது. இதே பக்கத்து வீட்டுக்காரர்தான், அம்மாவும் அப்பாவும் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர்.

சங்கம் பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். சங்க விதிமுறைகளை எழுதி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். தலைவர் அல்லது பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவது ஆபத்து. பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து என்று வைப்பது நல்லது.

தனியார் அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களுக்கு?

• தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச் 6 முதல் அமலில் இருக்கு. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பது இதன் முக்கிய அம்சம்.
• மும்பையில் பொதுவாக நிலமும் கட்டடமும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்கும். வீட்டுக்காரர் அதில் உறுப்பினர். நம்ம ஊரில் நிலத்தின் பிரிபடாத பங்கு ஒவ்வொருவர் பத்திரத்திலும் தனியாக இருக்கும். பேர் வேறானாலும் பராமரிப்புப் பொறுப்பு ரெண்டு இடத்திலும் கூட்டுப் பொறுப்புதான்.
• பொது விளக்கு, மோட்டார் மின்கட்டணம்: 10 வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023-ல் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், உங்கள் பில் எந்தப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

செப்டிக் டேங்க் நிரம்பினால், காசு மிச்சம் என்று யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சேர்ந்து இறப்பதுதான் பல சம்பவங்களில் நடப்பது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். இறக்கியவர்கள் மீது வழக்கு வரும். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். உதவிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம். சந்தாப் பணத்தில் இதற்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால், அவசரத்தில் தப்பு செய்யும் நிலை வராது.

வர்ற ஞாயிறு என்ன செய்யலாம்?

உங்க பிளாக்கில் சங்கம் இருக்கா, பதிவு எண் இருக்கா, கடைசியாகக் கணக்கு காட்டியது எப்போ, தொட்டி கழுவியது எப்போ... இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. பதில் இல்லைன்னா, யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் உங்க வீட்டு எண்ணையும் 60 ரூபாயையும் எழுதி ஆரம்பிங்க. அடுத்த வரியை எதிர்வீட்டுக்காரர் எழுதட்டும்.