வெளிநாட்டு மணமுறிவுத் தீர்ப்பும் இந்தியச் சட்டமும்

இந்தியாவில் திருமணம் செய்துகொண்ட கணவன் மனைவியருள் ஒருவர், தாம் வேலை செய்யும் வெளிநாட்டின் நீதிமன்றத்தில் பெறும் விவாகரத்து ஆணையே வெளிநாட்டு மணமுறிவுத் தீர்ப்பு எனப்படுகிறது. இத்தீர்ப்பு அந்த நாட்டில் செல்லும். ஆனால் இந்தியாவில் தானாகவே செல்லுபடியாகிவிடாது. இதனால் ஒரு பெண் ஒரு நாட்டில் மனைவியாகவும் மற்றொரு நாட்டில் மணமுறிவு பெற்றவராகவும் கருதப்படும் நிலை உண்டாகிறது. அவருடைய விசா, ஜீவனாம்சம், மறுமணம் ஆகிய மூன்றையும் இது பாதிக்கும்.

சட்ட அடிப்படை

1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், பிரிவு 13, வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பற்றிக் கூறுகிறது. பொதுவாக அத்தீர்ப்புகள் இந்தியாவிலும் தரப்பினரைக் கட்டுப்படுத்தும். ஆனால் கீழ்க்காணும் ஆறு நிலைகளில் கட்டுப்படுத்தாது.

1. தீர்ப்பளித்த நீதிமன்றத்திற்கு உரிய அதிகார வரம்பு இல்லாதபோது
2. வழக்கின் தகுதியை ஆராயாமல் தீர்ப்பளிக்கப்பட்டபோது
3. பன்னாட்டுச் சட்டத்தைத் தவறாகக் கொண்டோ, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தோ தீர்ப்பளிக்கப்பட்டபோது
4. இயற்கை நீதிக்கு மாறாக விசாரணை நடந்தபோது
5. மோசடியால் தீர்ப்புப் பெறப்பட்டபோது
6. இந்தியாவில் நடைமுறையிலுள்ள சட்டத்தை மீறிய கோரிக்கையைத் தீர்ப்பு ஏற்றபோது

1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு

இந்தப் பிரிவு திருமண வழக்குகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை, ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் தெளிவாக்கியது. அத்தம்பதியர் 1975இல் திருப்பதியில் இந்து முறைப்படி மணம் புரிந்தவர்கள். கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாட்கள் வசித்ததாகக் கூறி அங்கே வழக்குத் தொடுத்தார். மனைவி இந்தியாவிலிருந்தே ஆட்சேபத்துடன் பதில் அனுப்பினார். அவர் நேரில் இல்லாத நிலையில், 1980இல் மணமுறிவு வழங்கப்பட்டது. திருமணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். 1981இல் கணவர் மறுமணம் செய்துகொள்ள, மனைவி இருதார மணக் குற்றம் சாட்டி முறையிட்டார்.

மிசௌரித் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மீளமுடியாத முறிவு என்பது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்கான காரணமாகச் சொல்லப்படவில்லை என்பதும், வழக்குத் தொடுப்பதற்காகவே சிறிது காலம் தங்குவது நிலையான வசிப்பிடம் ஆகாது என்பதும் அதற்கான காரணங்கள். எந்தச் சட்டத்தின்படி திருமணம் நடந்ததோ, அதே சட்டம் கூறும் நீதிமன்றமும் அதே சட்டம் கூறும் காரணமும் இருக்க வேண்டும் என்பது இத்தீர்ப்பு வகுத்த விதி. இதற்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு.

* எதிர்த்தரப்பினர் நிலையாக வசிக்கும் நாட்டில் வழக்குத் தொடுக்கப்பட்டு, இந்தியத் திருமணச் சட்டம் ஏற்கும் காரணத்தின்மேல் தீர்ப்பு வழங்கப்படுதல்
* எதிர்த்தரப்பினர் தாமாக முன்வந்து அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று, அத்தகைய காரணத்தின்மேல் வழக்காடுதல்
* மணமுறிவுக்கு எதிர்த்தரப்பினர் சம்மதம் தருதல்

குடிவரவு நிலை

"இந்தியாவில் செல்லாது" என்ற பதில் பல குடும்பங்களுக்குப் போதுமானதாக இருப்பதில்லை. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் மனைவி எச்-4 என்னும் சார்பு விசாவில் வாழ்கிறார். அவருடைய உரிமை திருமணத்தையே பற்றி நிற்பதால், மணமுறிவுடன் அதுவும் முடிந்துவிடும். அத்தீர்ப்பை இந்தியச் சட்டம் ஏற்காது என்பது அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் அவருக்கு உதவாது. திருமணத்தின் வழியே இரண்டாண்டு நிபந்தனைப் பச்சை அட்டை பெற்றவரின் நிலை வேறு. நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பிப்பது பொது விதி. ஆயினும் மணமுறிவு நேர்ந்தாலோ கொடுமைக்கு ஆளானாலோ தனியாக விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

அழைப்பாணை வந்தால்

வெளிநாட்டு நீதிமன்றத்தின் அழைப்பாணை வந்தவுடன் அஞ்சிக் கையெழுத்திடுவது சம்மதமாகக் கொள்ளப்படலாம். அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் நல்லதன்று. ஒருதலைப்பட்சமாகவே அங்குத் தீர்ப்பாகிவிடும். அதிகார வரம்பை மட்டும் மறுத்து ஆட்சேபம் தெரிவிப்பது, அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதாகாது என 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறுகிறது.

அங்கேயே முழுமையாக வழக்காடுவதில் ஒரு நன்மையும் ஒரு இழப்பும் உண்டு. பல மேலைநாடுகளில் மணவாழ்வில் சேர்த்த சொத்தை நீதிமன்றம் இருவருக்கும் பிரித்தளிக்கும். இந்தியாவில் அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. ஆனால் அங்கு வழக்காடியவர், பின்னர் இந்தியாவில் அத்தீர்ப்பை மறுப்பது கடினமாகும். ஆகவே எந்த நாட்டில் வாழ விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, இரு நாட்டுச் சட்டமும் அறிந்தவர்களைக் கலந்த பின்னரே பதில் அனுப்புவது நன்று.

இந்தியாவில் உள்ள வழிகள்

இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 19இல் 2003இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மனைவி தாம் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் இவ்வாறே மனுச் செய்யலாம். கணவர் வெளிநாட்டில் இருந்தாலும் ஜீவனாம்சம் கோரலாம். 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், பிரிவு 10(3), குற்றவியல் வழக்கு நிலுவையில் இருப்பது போன்ற நிலைகளில் கடவுச்சீட்டை முடக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் அளிக்கிறது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு நீதிமன்ற ஆணையை இந்திய நீதிமன்றங்கள் கருத்தில் கொண்டாலும், குழந்தையின் நலனையே முதன்மையாகக் கொள்கின்றன.

முன்னெச்சரிக்கை

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்று, திருமணப் புகைப்படம், அழைப்பிதழ், கணவரின் கடவுச்சீட்டு, விசா, வேலை முகவரி ஆகியவற்றின் நகல்களைப் பெண்ணின் பெற்றோர் வீட்டிலும் ஒரு தொகுதி வைத்திருத்தல் நலம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற தொலைபேசி எண்ணிலோ அணுகலாம்.