வண்ணம் ஒட்டுவது சூட்டில்தான்

பெங்களூருவின் துமகூரு சாலையை ஒட்டிய பீன்யா தொழிற்பேட்டையில், இயந்திரப் பட்டறைகளுக்கு நடுவே ஆயத்த ஆடை ஆலைகளும் உண்டு. ‘கார்மென்ட்ஸ்’ என்றாலே அங்கே எல்லோருக்கும் புரியும். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் நாளெல்லாம் காலர் மட்டும் தைப்பார். இன்னொருவர் கை மட்டும் இணைப்பார். முழுச் சட்டை யார் கையிலும் உருவாவதில்லை. அப்படிப்பட்ட ஊரில், வெறும் டி-ஷர்ட் ஒன்றை வாங்கி, மகள் கேட்ட மயிலை அதில் வரைந்து கொடுப்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆளின் வேலை. அதனாலேயே அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் பலர் இரண்டாவது சலவையோடு மனம் விட்டுவிடுகிறார்கள். மயிலின் தோகை உரிந்து வந்துவிடுகிறது. இதில் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. துணி வண்ணக் குப்பியில் இருப்பது நிறமி, அக்ரிலிக் பசை, தண்ணீர். சாயம் இழைக்குள் இறங்கும், நிறமி இறங்காது. பசைதான் நிறமியை இழையோடு பிடித்து வைக்கிறது. ஆலைகளில் பிக்மென்ட் பிரிண்டிங் முடிந்ததும் துணியைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில நிமிடம் வைத்தெடுப்பது இதற்காகத்தான். ‘கியூரிங்’ என்பார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியே அதைச் செய்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துணியை உள்புறம் திருப்பி, நீராவி இல்லாமல், பருத்திக்கான சூட்டில் இடம் இடமாகச் சில நிமிடம் தேய்க்க வேண்டும். அதன் பிறகும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது.

வரைவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சியும் மெருகுப் பூச்சும் இருக்கும். துவைக்காமல் வரைந்தால் வண்ணம் அதன்மேல்தான் உட்காரும். காளஹஸ்தியின் கலம்காரிக் கலைஞர்கள் இதை எப்போதோ அறிந்தவர்கள். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்துக் காயவைத்த பிறகே ‘கலம்’ எனப்படும் மூங்கில் எழுதுகோலைத் தொடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு அது பரவாமல் தடுக்கும். அத்தனை முன்தயாரிப்பு செய்த மண்ணில், நாம் குப்பியைத் திறந்து தண்ணீரை ஊற்றிக் கரைக்கிறோம். பசை நீர்த்துப்போகிறது, கோடு கசிகிறது. வண்ணம் கெட்டியாக இருந்தால் அதற்கென்றே விற்கும் மீடியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதே சரி.

பருத்தியே முதல் தேர்வாக இருக்கட்டும். வழவழப்பான பாலியெஸ்டரில் பிடிமானம் குறைவு. டி-ஷர்ட்டுக்குள் பழைய காலண்டர் அட்டையைச் செருகிக்கொண்டால் வண்ணம் முதுகுப் பக்கம் ஊறாது. கறுப்புத் துணி என்றால் முதலில் வெள்ளை பூசி, அது காய்ந்த பிறகு மயிலின் நீலத்தைத் தொடுங்கள்; சாதாரண வண்ணங்கள் கறுப்பின் மேல் தெரியவே தெரியாது.