கேரவன்ல ஏ.சி போட்டுத் தூங்குறீங்களா? வால்பாறை கிளம்பும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஊட்டி, வால்பாறை, டாப்சிலிப்னு சனிக்கிழமை வந்தாலே மலை ஏறிடுற ஊர் நம்ம கோவை. இப்போ ரூம் போடுறதுக்குப் பதிலா வேனையே வீடா மாத்திட்டுக் கிளம்புறாங்க. உள்ளே பெட், குட்டி ஃப்ரிட்ஜ், கேஸ் ஸ்டவ், ஏ.சி. ரீல்ஸ்ல பார்க்கும்போதே ஆசையாத்தான் இருக்கு. ஆனா, அந்த ஏ.சி-க்கு கரன்ட் எங்கிருந்து வருதுன்னு யாரும் காட்டுறதில்லை.

2024 டிசம்பர் 23. கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் 2 பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏ.சி போட்டுத் தூங்கியவர்கள். காரணம், கார்பன் மோனாக்ஸைடு. பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தபோது, 2 மணி நேரத்தில் உள்ளே அந்த வாயுவின் அளவு 957 பி.பி.எம்-ஐத் தொட்டது. ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையே சுமார் 30 பி.பி.எம்-தான். புகை உள்ளே வந்த வழி, வண்டியின் தளத்தில் இருந்த ஓர் ஓட்டை.

இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிச்சிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். மலைப்பாதையில வளைஞ்சு வளைஞ்சு வந்தவங்களுக்கு இதெல்லாம் சாதாரணம்தானே? அதனாலதான் யாரும் சந்தேகப்படுறதில்லை. வண்டியில எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை வலிச்சா, மாத்திரை தேடாதீங்க. கதவைத் திறந்து எல்லாரும் வெளியே இறங்குங்க.

"ஏனுங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா போதாதுங்களா?" போதாதுங்க. காத்து திரும்பினா, அதே ஜன்னல் வழியா புகை உள்ளே வரும். கையில தூக்குற ஜெனரேட்டர்னா வண்டியில இருந்து 20 அடியாவது தள்ளி வைங்க, தூங்கும்போது நிறுத்திடுங்க. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி-யில தூங்குறதும் இதே ஆபத்துதான். குளிருதுன்னு கரி அடுப்பை உள்ளே கொண்டுபோறது அதைவிட மோசம். கரூர்லயோ வேற எங்கேயோ பாடி கட்டக் கொடுத்திருந்தா, தளத்துல வயர் போகிற ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. செஞ்ச மாற்றம் ஆர்.சி-யில ஏறியிருக்கான்னும் கேட்டுக்கோங்க.

அடுத்தது கேஸ். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்ததில் 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு பற்றவைத்ததுதான் காரணம். நின்னுட்டு இருந்த பெட்டிங்கிறதைக் கவனிங்க. குறுகலான இடம், ஒண்ணு ரெண்டு கதவு. நம்ம வேனும் அதேதான்.

எல்.பி.ஜி காத்தைவிடக் கனமானது. கசிஞ்சா மேலே போகாது, தரையிலேயே தேங்கும். அதனால சிலிண்டர் இருக்கிற பெட்டியில, அடிமட்டத்துல வெளியே போக ஒரு வழி இருக்கணும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை ஆஃப்ல வைங்க. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்தக் குலுக்கல்ல எந்த ஜாயின்ட்டும் லூஸாகலாம். மேலே போய்ச் சேர்ந்ததும் ட்யூப் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. நுரை முட்டை விட்டா அடுப்பைத் தொடாதீங்க. ட்யூபை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். வீட்ல நாம மாத்துறோமாங்கிறது வேற விஷயம்.

பேட்டரி கணக்கு ரொம்ப சிம்பிள். நம்ம ஊர் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்ஸ் சுமாருக்குத்தான் இழுக்கும். இன்வெர்ட்டர்ல தாராளமா மாவே ஆட்டலாம். ஆனா ஒரு கெட்டில் 1,500 வாட்ஸ். 12 வோல்ட் பேட்டரியில அதை ஓட்டினா 125 ஆம்பியருக்கு மேல இழுக்கும். மெல்லிசான வயர்னா சூடாகி உருகும். என் ஃப்ரெண்டோட வேன்ல ஒரு டீக்கு ஆசைப்பட்டு ஃபியூஸைப் போக்கினது நான்தான். போனது ஃபியூஸ்ங்கிறதால தப்பிச்சோம். அந்த இடத்துல யாராவது வெறும் கம்பியைச் சுத்தி வெச்சிருந்தா வயர் எரிஞ்சிருக்கும். சூடுபண்ற எதையும் இன்வெர்ட்டர்ல மாட்டாதீங்க. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதை பெட்டுக்கு அடியில மூடி வைக்கவும் கூடாது.

கடைசியா அலாரம். கார்பன் மோனாக்ஸைடுக்கு ஒண்ணு, எல்.பி.ஜி-க்கு ஒண்ணு. ஒண்ணு வாங்கினா ரெண்டுக்கும் ஆகும்னு நினைக்காதீங்க. முதலாவதைத் தலையணை உயரத்துல மாட்டுங்க, ரெண்டாவதைத் தரை ஓரமா. சென்சாருக்கு எக்ஸ்பைரி உண்டு, பின்பக்கம் தேதி இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. சத்தம் வரலைன்னா, பேட்டரியை மாத்திட்டு அப்புறமா வண்டியை எடுங்க.