பலகை ஒலிபெருக்கியும் மந்தரப் பெட்டியும்

டிசம்பர் மாதத்தில் புனே நகரின் இசையன்பர்கள் சவாய் கந்தர்வ விழாவுக்குத் திரள்வார்கள். பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய விழா அது. அங்கே தபலாவின் இடக்கைப் பாகமான டக்காவின் முழக்கத்தை நேரில் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தமிழன்பர், நம் கச்சேரிப் பதிவொன்றைத் தம்முடைய மெல்லிய பலகை ஒலிபெருக்கிகளில் வைத்தால் ஒரு குறை உடனே புலப்படும். மிருதங்கத்தின் வலந்தலை மணி போலக் கணீரென்று ஒலிக்கிறது. தொப்பியின் கும்கியோ அடுத்த தெருவில் கேட்பது போலிருக்கிறது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் மிருதங்கத்தைப் பெரும்பாலும் கருவியின் வழியே கேட்கிறார்கள். அவர்கள் செவியில் அது ஒரு தலை மட்டுமே உடைய வாத்தியமாகப் பதியலாகாதன்றோ?

இக்குறை பலகையின் இயல்பிலேயே உள்ளது. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஒலிபெருக்கியில், துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் ஒன்று மின்விசையால் அதிரும். கனமற்ற படலமாதலின் குரலும் வீணையும் அதில் மிகத் தெளிவாக எழும். ஆனால் படலம் முன்னே காற்றைத் தள்ளும்போதே பின்னே அதை இழுக்கிறது. நொடிக்கு 40 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். ஒரு மீட்டர் அகலமும் இல்லாத பலகையை அவ்வலை எளிதில் சுற்றி வந்து, முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அன்றியும், அதிர்வெண் பாதியானால் அதே முழக்கத்திற்கு நான்கு மடங்கு அசைவு வேண்டும். மெல்லிய படலத்திற்கு அவ்வளவு இடமில்லை.

ஆகவே அடியொலிக்கு மட்டும் தனிப்பெட்டி சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தார் நாயின் குரைப்பை வைத்து இதற்கு 'சப்வூஃபர்' என்று பெயரிட்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, நம் மந்தர ஸ்தாயியை நினைந்து 'மந்தரப் பெட்டி' எனலாம் என்று தோன்றுகிறது.

பெட்டியை வாங்குவது எளிது, இணைப்பதே கடினம். இரண்டும் பிரியும் எல்லையை 80 அதிர்வுக்கு மேல் வைத்தால், ஒலி எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுகொள்ளும். மிருதங்கம் இரண்டாகப் பிளந்து கேட்கும். துளையுள்ள பெட்டியைவிட முழுதும் மூடிய பெட்டியே பலகைக்கு நல்ல துணை. துளைப்பெட்டியில் முழக்கம் சற்றே நீண்டு நிற்பதுண்டு. வைக்கும் இடத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் அமரும் இடத்திலேயே பெட்டியை வைத்து மிருதங்கத் தனியாவர்த்தனத்தை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். அடிகள் யாவும் சீராகக் கேட்கும் இடத்திற்குப் பெட்டியை மாற்றுங்கள். 14 அடி நீள அறையில் 40 அதிர்வு தானே வீங்கும் என்பதால் இச்சோதனை வீண் வேலையன்று. பின்பு, பெட்டி இருப்பது காதுக்குத் தெரியும் வரை ஒலியை ஏற்றி, தெரியாத அளவுக்குச் சற்றே இறக்குங்கள். 1925க்கு முந்தைய இசைத்தட்டுகளுக்கு இப்பெட்டியே வேண்டாம். அவற்றில் அடியொலி பெரிதும் பதிவாகவில்லை.

அடுக்குக் குடியிருப்பில் வாழ்வோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. அந்த அளவுமுறை 40 அதிர்வு ஒலியை ஏறக்குறைய 35 டெசிபல் குறைத்தே கணக்கிடும். ஆதலால் கருவி குறைவாகக் காட்டும்போதும், தளத்தின் வழியே இறங்கும் அதிர்வால் கீழ்வீட்டார் தூக்கம் கெடலாம். பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் இட்டு, கீழ்வீட்டாரையே ஒருமுறை கேட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பெட்டியை நிறுத்திவிடலாம். பலகைகள் மட்டும் பாடட்டும்.