அரிசி மூட்டையை எண்ணினார்கள். உறக்கம் போனவரை எண்ணினார்களா?

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்து போயிற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல்! செத்தவரை எண்ணினார்கள், உடைந்த படகை எண்ணினார்கள், வந்திறங்கிய அரிசி மூட்டையை எண்ணினார்கள். இரவில் கண்மூட முடியாமல் கிடந்த தாய்மாரை எண்ணியவர் யார்?

மனநோவு பணக்காரர் வியாதி என்பாரும் நம்மிடையே உண்டு, தோழர்களே! பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அலையோசை கேட்டாலே நடுங்கிய மீனவப் பெண் எந்த மாளிகைக்காரி?

அவள் கையைப் பிடிக்க முதலில் வருபவர் நர்சம்மாதான். பெரிய டாக்டர் அல்ல. என்ன செய்ய வேண்டும் அவர்? பக்கத்தில் உட்கார வேண்டும். "அழாதே" என்று அதட்டக் கூடாது. "எல்லாம் தலைவிதி" என்று சொல்லவே கூடாது. அந்தச் சொல் ஆறுதல் அல்ல, இன்னொரு அடி! "நடந்ததைச் சொல்" என்று துருவவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவைத்தால் பாரம் இறங்கும் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டார் நம்பினர். அது பயன் தரவில்லை என்று கண்டபின், உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. 2011இல் அது வெளியிட்ட கையேடு மூன்றே சொல்லில் வழி காட்டுகிறது: பார், கேள், இணை. காணாமற்போன கணவன் எந்த முகாமில் இருக்கிறான், கஞ்சி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, உற்றாரோடு சேர்த்து வைப்பதும் வைத்தியந்தான்! பெரும்பாலோர் நாளாவட்டத்தில் தேறுவர். வாரங்கள் கடந்தும் உறங்காதவரை, சாவைப் பற்றியே பேசுபவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆனால், உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் ஏது? 2015இல் தொகுப்பூதியத்தில் சேர்த்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராட வேண்டியிருந்தது. தன் அடுப்பு எரியுமா என்று கலங்குபவரிடம் பிறர் கலக்கத்தைத் தீர் என்பது எந்த நியாயம்? கேட்பதும் உழைப்புத்தான். அதற்குப் பயிற்சி வேண்டும், ஆள் வேண்டும், கூலி வேண்டும்.

கடலோரக் கதை நமக்கெதற்கு என்று சித்தையன்கோட்டைத் தோழர்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், நம் திண்டுக்கல் சீமையைத் தாண்டி, கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துவிட்டல்லவா போயிற்று! அடுத்த மழைக்குமுன் ஒரு வேலை: மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை. படிப்பகச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.